சார்ஜர் அக்காவின் ‘ஆகாதுங்க’

அவரைத் திமிர் பிடித்தவர் என்று சொல்கிறவர்கள் காந்திபுரத்தில் இன்னும் இருக்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நானும் ஒரு காலத்தில் அதையே சொல்லிக்கொண்டு அவர் கடை இருந்த காம்ப்ளக்ஸின் படிகளில் தடதடவென்று இறங்கி வந்தவள்தான். இப்போது அவர் எந்த ஊரில் கடை போட்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. எங்கே போட்டிருந்தாலும் அங்கேயும் தினம் நாலு பேர் அவரைத் திட்டிக்கொண்டே வெளியே போவார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெயரை எழுதப் போவதில்லை. பெயரெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே கிடையாது. வாடிக்கையாளர்களின் பெயரைக்கூட அவர் கேட்டதில்லை. கொண்டுவரும் லேப்டாப்பை வைத்துத்தான் ஆளை நினைவு வைத்திருப்பார். என் சார்ஜர் பத்தொன்பதரை வோல்ட் என்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் ‘பத்தொம்பதரை டீச்சர்’. நாங்கள் எல்லோரும் அவரைச் சார்ஜர் அக்கா என்றோம். வயது நாற்பத்தைந்து இருக்கும். நூலில் கட்டிய மூக்குக்கண்ணாடி கழுத்தில் தொங்கும். அம்மாவிடம் போனில் தெலுங்கில் சத்தமாகப் பேசுவார். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் எங்களுக்கு இழுத்து இழுத்து ‘ங்க’ போட்ட தமிழ்.

முதல் மாடியில் மாடிப்படிக்கு அடியில் கடை. இரண்டு பேர் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது. சுவர் முழுக்க ஆணியடித்துச் சார்ஜர்களைத் தொங்கவிட்டிருப்பார். மேஜைமேல் சமையலறையில் மாவு நிறுக்கிற எலெக்ட்ரானிக் தராசு ஒன்று, ஒரு பூதக்கண்ணாடி, ஜன்னலுக்குப் போடுகிற மாதிரி ஒரு சதுரக் கண்ணாடித் துண்டு. வாசலோரத்தில் மணல் நிரப்பிய இரும்பு வாளி. லேப்டாப் பேட்டரியும் சார்ஜரும் விற்கிற கடையில் இவற்றுக்கெல்லாம் என்ன வேலை என்று முதல் நாள் எனக்கு விளங்கவில்லை.

எங்கள் கொங்குப் பக்கத்தில் யாரும் யாரிடமும் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல மாட்டோம். ‘பாக்கலாமுங்க’ என்போம். ‘ஊட்டுல ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் சொல்றேனுங்க’ என்போம். பெண் கேட்டு வந்தவர்களைப் பிடிக்காவிட்டால் ஜாதகத்தின் மேல் பழியைப் போட்டு, காப்பி கொடுத்து அனுப்பிவைப்போம். சார்ஜர் அக்கா ‘ஆகாதுங்க’ என்பார். குரல் உயராது. கூடவே வரும் அந்த ‘ங்க’வையும் ஒருநாளும் விட்டதில்லை. ஆனால் அதைச் சொன்னபிறகு தலைகீழாக நின்றாலும் அவரை அசைக்க முடியாது.

முதன்முதலில் நான் போனது சார்ஜர் வாங்க. அன்னூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தேன். அரையாண்டு வினாத்தாள் எல்லாம் லேப்டாப்புக்குள் கிடக்க, லேப்டாப் உயிரில்லாமல் கிடந்தது. பஸ்ஸில் ஒரு மணி நேரம் நின்றுகொண்டே வந்து சேர்ந்தேன்.

“பழைய சார்ஜரைக் கொண்டாந்தீங்களா?” என்றார்.

“இல்லைங்க. வயர் அறுந்துபோச்சு. ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன்.”

“லேப்டாப்பு?”

“அதுவும் ஊட்டுலதானுங்க.”

“அப்ப ஆகாதுங்க. நாளைக்கு எடுத்துட்டு வாங்க.”

கம்பெனி பெயரைச் சொன்னேன். கறுப்பு நிறம், சொருகுகிற முனை உருண்டையாக இருக்கும் என்று கையால் காட்டினேன்.

“மாப்பிள்ளை கறுப்பா உருண்டையா இருப்பாருன்னு சொன்னா அது போதும்னு பொண்ணைக் குடுத்துருவீங்களா? அந்தக் கம்பெனியில மட்டும் எங்கட்ட ஏழு தினுசு தொங்குது பாருங்க. எல்லாம் கறுப்பு, எல்லாம் உருண்டை. அடியில லேபிள் ஒட்டியிருக்கும். அதைப் படிக்காம நாங் குடுக்கறதில்லைங்க.”

எனக்கு வந்ததே கோபம். இவ்வளவு தூரம் வந்தவளிடம் ஒரு வாய்த் தண்ணீர் வேண்டுமா என்று கேட்காமல் மாப்பிள்ளைக் கதை பேசுகிறாளே என்று மனதுக்குள் மரியாதையை விட்டுத் திட்டினேன். கீழே இருந்த வேறொரு கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை. சிரித்த முகத்தோடு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து சொருகினால் கச்சிதமாக உள்ளே போனது. பச்சை விளக்கும் எரிந்தது. மூன்று நாள் அந்தச் சார்ஜர் தோசைக்கல்லாகக் கொதித்தது. நாலாம் நாள் கருகல் வாசனை வந்து அடங்கிப்போனது.

மறுபடி படியேறினேன். இந்தத் தடவை பழைய சார்ஜர், கருகிய சார்ஜர், லேப்டாப் மூன்றும் பையில் இருந்தன. அப்பவே சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட நான் தயாராகத்தான் போயிருந்தேன். இரண்டு சார்ஜரையும் கவிழ்த்து வைத்து, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார்.

“நீங்களே படிங்க. வோல்ட்டு ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதுல தப்பில்லை. ஆம்பியரைப் பாருங்க. உங்க லேப்டாப்பு மூணேகாலுக்கு மேல கேக்குது. இதால ரெண்டுதான் குடுக்க முடியும். முடிஞ்ச மட்டும் இழுத்துப்போட்டுச் செத்துப்போச்சு, பாவம்.”

“அப்ப ஆம்பியர் எச்சா இருந்தா லேப்டாப்பு கருகிடாதுங்களா?”

“தண்ணித் தொட்டி பெருசா இருக்குதுன்னு மாடு வயிறு வெடிக்கக் குடிக்குமுங்களா? தனக்கு வேணுங்கறதைத்தான் குடிக்கும். ஆம்பியர் எச்சா இருக்கலாம், கொறையக் கூடாது. வோல்ட்டு அப்படி இல்லைங்க. அது தண்ணி பீச்சற வேகம். மாத்திச் சொருகுனா மிஷினுக்கு ஆகாதுங்க. முனை உள்ள போகுதுன்னு மட்டும் பாத்து வாங்குனா இப்படித்தான்.”

நான் கம்ப்யூட்டர் டீச்சர். பத்து வருடமாகப் பிள்ளைகளுக்கு அந்த மிஷினைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள். என் சார்ஜரின் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் படித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அதன்பிறகு டவுனுக்குப் போகும்போதெல்லாம் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே எட்டிப் பார்ப்பேன். வேடிக்கை பார்க்கவே போனேன் என்றும் சொல்லலாம். லேப்டாப்பை மெத்தைமேல் வைத்துப் படம் பார்க்கிறவர்களை அவருக்குக் கண்டாலே ஆகாது. “சூடு போக வழி இல்லாம மெத்தையில அமுக்கி வெச்சா பேட்டரி என்னத்துக்குங்க ஆகும்? உங்களைக் கம்பளியில சுத்தி வெயில்ல உக்கார வெச்சா இருப்பீங்களா?” என்று கேட்பார். ராத்திரி பகலாகச் சொருகியே வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு திட்டு, சுத்தமாகத் தீரும்வரை ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு திட்டு. எல்லாத் திட்டும் ‘ங்க’ போட்டுத்தான்.

ஒருநாள் பொள்ளாச்சியிலிருந்து ஒரு கொப்பரை வியாபாரி வந்திருந்தார். வெள்ளை வேட்டி, கையில் புது பேட்டரிப் பெட்டி. வேறெங்கோ வாங்கியிருக்கிறார். பழைய பேட்டரியைவிட இரண்டு மடங்கு நேரம் ஓடும் என்று பெட்டிமேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒரு மணி நேரம்கூட ஓடவில்லையாம்.

அக்கா அவருடைய பழைய பேட்டரியைத் தராசில் வைத்தார். முந்நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. அதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார். இருநூறைத் தாண்டவில்லை.

“உள்ள ஆறு செல் இருக்கோணுமுங்க. ரெண்டு மடங்கு ஓடறது எடை கொறைஞ்சா வருமுங்களா? செல் கொறைச்சலா இருக்குதோ, மட்டமான செல்லோ, பிரிச்சாத்தான் தெரியும். லேபிள்ல எத்தனை வேணும்னாலும் அச்சடிச்சுக்கலாம். எடையை அச்சடிக்க முடியாதுங்களே.”

கொப்பரைக்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். “முப்பது வருஷமாத் தேங்காயைக் குலுக்கிப் பாத்து வாங்கறவன் நான். இதைப் பெட்டியைப் பாத்து வாங்கிப்போட்டேன் பாருங்க அம்மணி” என்றார். பிறகு, “சரி, உங்ககிட்ட இருக்கறது ஒரிஜினல்தானுங்களே?” என்று கேட்டார்.

“இல்லைங்க” என்றார் அக்கா. “உங்க மாடலுக்கு அந்தக் கம்பெனியே இப்ப பேட்டரி செய்யறதில்லை. இது வேற கம்பெனி செஞ்சது. வோல்ட்டு சரியா இருக்கும், எடை சரியா இருக்கும், ஒரு வருஷத்துக்கு நான் பொறுப்பு. ஒரிஜினல்னு யாராச்சும் சொல்லிக் குடுத்தா வாங்காதீங்க.”

விற்கிற பொருளை ஒரிஜினல் இல்லை என்று தானே சொல்கிற கடைக்காரரை நான் அதுவரை பார்த்ததில்லை. அவரும் பார்த்திருக்க மாட்டார். வாங்கிக்கொண்டுதான் போனார்.

ஏன் இப்படி இருக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். ஏதோ ஒரு பேட்டரி வெடித்து யாருக்கோ ஏதோ ஆகியிருக்கும், அதைச் சொல்லிக் கண் கலங்குவார் என்று நானாக ஒரு கதையை மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எதாச்சும் ஆயிருக்கோணும்னு நெனைக்கறீங்களா? ஒண்ணும் ஆகலைங்க. மோட்டார் கம்பெனியில பேனல் போர்டு சால்டரிங் பண்ணிட்டிருந்தேன். அப்பறம் கடை வெச்சேன். லேபிள்ல எழுதியிருக்குது, படிச்சேன், அதும்படி செய்யறேன். சரியாச் செய்யறதுக்கு ஒரு சாவு விழோணுமுங்களா?” என்றார்.

இனி எங்கள் பள்ளிக்கு வருகிறேன்.

ஒரு கம்பெனி தனக்கு வேண்டாத லேப்டாப்புகள் நாற்பதை எங்கள் பள்ளிக்குக் கொடுத்திருந்தது. ஒல்லியான, பார்வையான லேப்டாப்புகள். பேட்டரி எல்லாம் செத்தவை. ஆண்டு விழாவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர் மேடையில் வரிசையாக நின்று, ஆளுக்கொரு லேப்டாப்பைத் திறந்து நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்க வேண்டும், திரையில் பள்ளியின் பெயர் ஒளிர வேண்டும் என்பது தாளாளரின் ஆசை. அதற்குப் புது பேட்டரி வேண்டும். அவருடைய மச்சான் வாங்கித் தருவதாக ஏற்றுக்கொண்டார். அந்த மச்சான் சுற்றி வளைத்து எனக்கும் அண்ணன் முறை.

ஒரு மதியம் அட்டைப்பெட்டிகளோடு வந்து இறங்கினார். “ஏனுங்க அம்மணி, எண்ணி எடுத்து வெச்சுக்குங்க. நாப்பதும் புதுசு” என்று இருப்புப் பதிவேட்டை நீட்டினார். உறவுக்காரர் கொண்டுவந்த பெட்டியை அவர் கண்ணெதிரிலேயே பிரித்துப் பார்ப்பது எங்கள் ஊரில் அவரைத் திருடன் என்று சொல்வதற்குச் சமம். கல்யாணச் சீர்த் தட்டைக்கூட அறைக்குள்ளே எடுத்துப் போய்த்தான் பிரிப்போம். எனக்கும் அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறியிருந்தது. அட்டைகளை மட்டும் எண்ணினேன். ‘நாற்பது பேட்டரிகள் நல்ல நிலையில் பெறப்பட்டன’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேல் எனக்கு எரிச்சல் வருகிறது.

மின் சாதனம் தெரிந்த ஒருவர் பரிசோதித்து எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று பெற்றோர் சங்கத்தில் யாரோ கேட்டிருந்தார்கள். நான் சார்ஜர் அக்காவைச் சொன்னேன். விழாவுக்கு முந்தின வாரம் சனிக்கிழமை கடையைச் சாத்திவிட்டு, துண்டில் சுற்றிய கண்ணாடித் துண்டோடு அன்னூர் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

பள்ளியின் கம்ப்யூட்டர் லேபில் நானும் அவரும் மச்சானும் மட்டும் இருந்தோம். தாளாளர் வெளியூர் போயிருந்தார். அக்காவுக்குக் காப்பி வந்தது, போண்டா வந்தது. இரண்டையும் நிதானமாகச் சாப்பிட்டார். சாப்பிட்டாயிற்று, இனி மறுக்க மாட்டார் என்று மச்சான் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். அக்கா கையைக் கழுவித் துடைத்துவிட்டு, மேஜைமேல் கண்ணாடியை வைத்து, முதல் பெட்டியைப் பிரித்தார். தட்டையான பேட்டரி. அதைக் கண்ணாடிமேல் வைத்து ஒரு மூலையை விரல் நுனியால் லேசாகத் தள்ளினார். அசையவில்லை. அடுத்தது. அதுவும் அசையவில்லை. மூன்றாவது ஒரு முழுச்சுற்றுச் சுற்றி நின்றது.

“இது உப்பியிருக்குதுங்க” என்றார். “கண்ணுக்குத் தெரியாது. அடி சமமா இருந்தா கண்ணாடி மேல ஒட்டி நிக்கும். வயிறு வெச்சிருந்தாத்தான் சுத்தும். உள்ள வாயு சேந்திருக்குது. இது தீப்பிடிச்சாக் கொட்டத்தானுங்க கடையில மணல் வாளி வெச்சிருக்கறேன்.”

நாற்பதையும் பார்த்தார். பதினொன்று சுற்றின. அவற்றைத் தனியாக வைத்தார். ஒன்றின் லேபிளைப் பூதக்கண்ணாடியில் காட்டினார். புது லேபிளின் ஓரத்தில் பழைய லேபிளின் கிழிசல் தெரிந்தது.

“புதுசு இல்லைங்க. பழசுக்குப் புதுச் சட்டை போட்டிருக்குது. நான் எழுதிக் குடுக்க மாட்டேனுங்க.”

“அட, அந்தப் பதினொண்ணை எடுத்துப்போடலாமுங்க” என்றார் மச்சான். “மிச்சத்துக்கு எழுதிக் குடுங்க.”

“நாப்பதும் ஒரே சரக்கு. இன்னைக்குச் சுத்தாதது சார்ஜ் ஏத்துனாச் சுத்தும். ஆகாதுங்க. பேட்டரியே இல்லாமச் சார்ஜர் சொருகி ஓட்டலாம். லேப்டாப்பு நல்லாவே ஓடும்.”

“வயரோட எப்படிங்க மேடையில நிப்பாங்க? அரை மணி நேரக் காரியமுங்க அம்மணி.”

“ஆகாதுங்க.”

மச்சான் சிரித்தார். “உங்க கடை இருக்கற காம்ப்ளக்ஸு ஓனரு நம்ம ஒறம்பரைதானுங்க, நெருங்கின சொந்தம். நல்ல மனுசன். நாஞ் சொன்னா கேப்பாரு.”

எங்கள் பக்கத்தில் மிரட்டலும் இப்படித்தான் வரும், ‘ங்க’ போட்டு, சிரித்த முகத்தோடு. அக்கா கண்ணாடியைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தார். “தெரியுமுங்க. வாடகை வாங்க அவருதான் வாராரு. கேட்டதாச் சொல்லுங்க” என்றார்.

மச்சான் இருப்புப் பதிவேட்டை எடுத்து விரித்தார். “நீங்க போடாட்டிப் போகுது. கம்ப்யூட்டர் டீச்சரே நல்ல நெலைமையில இருக்குதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்களே.”

அக்கா என்னைப் பார்த்தார். “பிரிச்சுப் பாத்தீங்களா டீச்சர்?”

தரையைப் பார்த்தேன். அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை.

பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போனேன். வழியெல்லாம் ஏதாவது திட்டமாட்டாரா என்று இருந்தது. பஸ் வந்தபிறகுதான் பேசினார். “என்ர கையெழுத்து இல்லைன்னா வேற ஒருத்தரைக் கூட்டியாந்து வாங்கிப்போடுவாங்க. அதை நான் தடுக்க முடியாது. உங்குளுது ஏற்கனவே அதுல இருக்குது. அதை எடுக்கறது உங்களால மட்டுந்தான் முடியும். நான் வாரேனுங்க.”

அவர் சொன்னபடியே நடந்தது. திங்கட்கிழமை காலையில் மச்சான் பேட்டரிகள் நல்லவை என்று யாரோ ஒருவரிடம் எழுதி வாங்கிய கடிதத்தோடு வந்தார். கடிதம் எழுதியவர் பள்ளிப் பக்கமே வரவில்லை. புதன்கிழமை பேட்டரிகளை மாட்டுவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை விழா.

நான் லேபைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன். பதிவேட்டில் நான் எழுதிய வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். ‘பிரித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டேன். சோதித்ததில் பதினொன்று உப்பியுள்ளன. நாற்பதும் பழைய பேட்டரிகள். ஏற்க முடியாது’ என்று எழுதித் தேதி போட்டேன். உப்பிய பேட்டரி ஒன்றைத் துணியில் வைத்து எடுத்துக்கொண்டு தாளாளர் அறைக்குப் போனேன்.

தாளாளர் கெட்டவர் இல்லை. பிள்ளைகளைக் கண்ணு கண்ணு என்று அழைக்கிற பெரியவர். அவருடைய மேஜைக்குக் கண்ணாடி போட்டிருக்கும். அதன் அடியில் சாமி படம், குடும்பப் படங்கள். நடுவில் விளையாட்டு விழா உடையில் அவர் பேத்தி. ஆறாம் வகுப்பில் படிப்பவள். வெள்ளிக்கிழமை மேடையில் முதல் வரிசை.

“ஏனுங்க டீச்சர், லேபைப் பூட்டிப்போட்டீங்களாமே?”

“ஆமாங்க.” பேட்டரியை அவருடைய மேஜைக் கண்ணாடிமேல் வைத்து, மூலையை விரலால் லேசாகத் தள்ளினேன். அது சுற்றியது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பேத்தியின் படத்தின் மேல் மெதுவாக வந்து நின்றது.

“இது உப்பிப்போன பேட்டரிங்க. நல்லதா இருந்தா சுத்தாது. அமுங்குனாலோ குத்துப்பட்டாலோ தீப்பிடிக்கும். இதைத்தான் நாப்பது புள்ளைங்க நெஞ்சோட அணைச்சுட்டு நிக்கப் போகுதுங்க.”

“மச்சான் கடுதாசி வாங்கியாந்திருக்காரே. நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கறதாச் சொன்னாரே.”

“அந்தக் கடுதாசி பெட்டியைப் பிரிக்காம எழுதுனதுங்க. நானும் பிரிக்காமத்தான் போட்டேன். இப்ப அடிச்சுட்டேன்.” பதிவேட்டை விரித்து வைத்தேன்.

அவர் சிவப்பு மையை வெகுநேரம் பார்த்தார். “அழைப்பிதழ் அடிச்சாச்சு. பெரிய மனுசங்க வாராங்க. சித்தெ அனுசரிச்சுப் போங்க டீச்சர்.”

“ஆகாதுங்க” என்றேன்.

அந்த வார்த்தை என் வாயிலிருந்து அதற்குமுன் வந்ததே இல்லை. இத்தனைக்கும் நாற்பது வயதை நெருங்கியிருந்தேன்.

“இந்தப் பேட்டரி போட்ட லேப்டாப்பை யாரு கையில குடுக்கறதுன்னு மட்டும் நீங்களே சொல்லிப்போடுங்க. பாப்பா முதல் வரிசையில நிக்கறா. அவ கையில குடுத்துரட்டுங்களா?”

அவர் கை மெல்ல நீண்டது. பேட்டரியை ஒதுக்கவில்லை. கண்ணாடிக்கு அடியில் பேத்தியின் முகம் தெரிந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.

“எடுத்துட்டுப் போங்க டீச்சர்.”

“எல்லாத்தையுமுங்களா?”

“எல்லாத்தையும்.”

வெள்ளிக்கிழமை நாற்பது பிள்ளைகளும் பெஞ்சுகளில் உட்கார்ந்து, வயர் சொருகிய லேப்டாப்பில் பேட்டரி இல்லாமல் பள்ளியின் பெயரை ஒளிரவிட்டார்கள். மேடை முழுக்க வயர் ஓடியது. பார்க்க அழகாகவே இல்லை. எனக்கு அதைவிட அழகான மேடை கிடையாது. மச்சான் விழாவுக்கு வரவில்லை.

ஏப்ரல் கடைசியில் தாளாளர் என்னைக் கூப்பிட்டு, “அடுத்த வருஷத்துக்குப் பாக்கலாமுங்க டீச்சர்” என்றார். எங்கள் ஊரில் அதற்கு என்ன பொருள் என்று முன்னாலேயே எழுதிவிட்டேன். போகட்டும். இன்னொரு தடவை அந்த மேஜை முன்னால் நிற்கச் சொன்னாலும் அதையேதான் சொல்வேன்.

அந்தக் கோடையில் காந்திபுரம் போனபோது மாடிப்படிக்கு அடியில் வேறு யாரோ செல்போன் கவர் விற்றுக்கொண்டிருந்தார்கள். காம்ப்ளக்ஸ் ஓனர் தன் பையனுக்குக் கடை வேண்டும் என்று மிக மரியாதையாகக் கேட்டுக் காலி செய்ய வைத்தாராம். விசாரித்து விசாரித்துக் கணபதி ஏரியாவில் அவரைக் கண்டுபிடித்தேன். ஒரு சைக்கிள் கடை வாசலில் தகரக் கூரைக்கு அடியில் மேஜை போட்டிருந்தார். அதே தராசு, அதே கண்ணாடி, அதே மணல் வாளி.

நடந்ததை எல்லாம் சொன்னேன். என்னால்தானே உங்கள் கடை போயிற்று என்று சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

“என்னத்துக்குங்க அழுவறீங்க? நாஞ் சொன்னது எனக்காக. நீங்க சொன்னது உங்களுக்காக. கடைக்கென்ன, நாலு ஆணி அடிச்சா இங்கயும் சார்ஜர் தொங்குது பாருங்க” என்றார். பிறகு பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு டீ வரவழைத்தார். அவர் எனக்கு வாங்கிக் கொடுத்த ஒரே டீ அது; பின்னாளில் அந்த இடத்தையும் விட்டு எங்கோ போய்விட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்த வேலையைச் சொன்னேன். வீட்டில் டியூஷன் ஆரம்பித்திருந்தேன். அதற்காக வேறொரு பழைய லேப்டாப் வாங்கியிருந்தேன். அதன் சார்ஜர் விட்டு விட்டு ஏறுகிறது, ஒன்று கொடுங்கள் என்றேன்.

“பழைய சார்ஜரைக் கொண்டாந்தீங்களா?”

“இல்லைங்க. உங்களைப் பாக்கற அவசரத்துல...”

“அப்ப ஆகாதுங்க. எடுத்துட்டு வாங்க.”

“அக்கா, நானேங்க! இத்தனைக்கு அப்பறமுமா?”

“நீங்க பழக்கமுங்க. லேப்டாப்பு பழக்கமில்லையே” என்று சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்தவரின் சார்ஜரைக் கவிழ்த்துப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

பஞ்சர் ஒட்டக் காத்திருந்த ஒருவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். “இந்தம்மாவுக்கு எவ்வளவு திமிரு பாத்தீங்களா?” என்றார் என்னிடம்.

“ஆமாங்க” என்று சொல்லிவிட்டு, சார்ஜர் எடுத்துவர அன்னூர் பஸ் பிடிக்கப் போனேன்.